திவான் ரங்காசார்லு

செங்கற்பட்டுக்கு அருகே, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சிறிது தொலைவில், செட்டிபுண்ணியம் என்றொரு சிற்றூர் உளது. தேர்வுக்கு முன்னர் எழுதுகோலை ஹயக்ரீவர் சந்நிதியில் வைத்து வணங்கிச் செல்லும் மாணவர்கள் வாயிலாக அவ்வூரின் பெயர் இன்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வூரைத் தம் பெயரின் முதலெழுத்திலே தாங்கிய ஒருவர், 1881-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் முதலமைச்சராக அமர்ந்து, மக்கள் பிரதிநிதிகள் கூடும் சபை ஒன்றை இந்திய சமஸ்தானங்களிலேயே முதன்முதலாக நிறுவினார். அவரே செட்டிபுண்ணியம் வீரவல்லி ரங்காசார்லு. பெயரின் ஈறு தெலுங்கு முறையில் அமைந்திருப்பினும், அவர் பிறந்தது தொண்டை மண்டலத்து வைணவக் குடியிலேதான்.

பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் சேஷாத்திரிபுரத்தின் பெயரை நாள்தோறும் சொல்லுகிறோம். கப்பன் பூங்காவில் நிற்கும் சேஷாத்திரி ஐயரின் சிலையைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். அச்சேஷாத்திரி ஐயரை மைசூருக்கு அழைத்து வந்தவர் ரங்காசார்லு என்பதும், அவர் இட்ட அடித்தளத்தின் மீதே பின்வந்த திவான்கள் எல்லோரும் கட்டினார்கள் என்பதும் நம்மில் பலர் எண்ணிப்பாராதவை. எனவே, இம்மலரில் அவரது வாழ்க்கையைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

அவர் 1831-ஆம் ஆண்டு பிறந்தார். நகர்ப் பகுதியில் எழுந்த குடியானவர் கிளர்ச்சியைக் காரணங்காட்டி, ஆங்கிலக் கம்பெனியார் மைசூர் மன்னரிடமிருந்து ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். அங்ஙனம் எடுக்கப்பட்ட ஆட்சி சரியாக ஐம்பதாண்டுகள் கழித்து மன்னர் குடும்பத்துக்குத் திரும்பியபொழுது, அதை ஏற்று நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. சோதிடத்தில் நம்பிக்கையுள்ளோர் இதற்கு ஒரு காரணம் கூறக்கூடும். நாம் இதனை ஒரு பொருத்தம் என்ற அளவிலே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

சென்னையில் பவுல் துரையின் தலைமையில் சிறந்து விளங்கிய உயர்தரப் பள்ளியில் அவர் ஆங்கிலக் கல்வி பெற்றார். இப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. படிப்பு முடிந்ததும், அக்காலத்து இளைஞர் பலரையும் போலக் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ரயத்துவாரி முறையின் உட்புறத்தை அவர் அங்கேதான் கண்டார். ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கும். மழை பொய்த்தால், வெள்ளம் அடித்தால், தீர்வையில் கழிவு உண்டு. ஆனால், பயிர் கருகிற்றா, விளைந்ததா என்று எழுதுபவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அதனைச் சரிபார்ப்பவர் தாசில்தாரின் ஆட்கள். இருவருக்கும் மேலே கலெக்டர் கச்சேரியின் சிரஸ்ததார். ஊர் மொழியை நன்கறியாத வெள்ளைக்காரக் கலெக்டர் இவர்கள் காட்டும் இடத்திலே கையொப்பம் இடுவார். மாதச் சம்பளமோ மிகச் சொற்பம். ஆகவே, குடியானவன் சர்க்காருக்குச் செலுத்தும் தீர்வை ஒன்று. அத்தீர்வை நியாயமாக எழுதப்படுவதற்குச் செலுத்தும் கைக்கூலி மற்றொன்று. வசூலின்போது குடிகளைத் துன்புறுத்தும் வழக்கம் இருந்தது என்பதனைச் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது.

இந்நிலையில், அதே இலாகாவில் சிறு பதவியில் இருந்துகொண்டே, ரங்காசார்லு இரண்டு பிரசுரங்களை எழுதினார். ஒன்று செங்கற்பட்டு மிராசு உரிமை பற்றியது. மற்றொன்று வருவாய் இலாகாவில் மலிந்திருந்த இலஞ்சத்தைப் பற்றியது. உடன் வேலைபார்ப்போரின் வரும்படியைப் பற்றி, முன்னேற்றம் தேடவேண்டிய வயதினனான ஒரு சுதேச உத்தியோகஸ்தன் அச்சேற்றுவது எத்துணைத் துணிவான செயல் என்பதை, அலுவலகத்தில் ஒரு நாளேனும் வேலை பார்த்தவர் எவரும் அறிவர். மேலதிகாரி கோபிக்கக் கூடும்; அதைவிடக் கொடியது, அடுத்த மேசைக்காரரின் மௌனம்.

ஆயினும் அவருடைய முன்னேற்றம் தடைப்படவில்லை. மானிய நிலங்களின் உரிமைகளை ஆராய்வதற்கென டெயிலர் துரையின் தலைமையில் அமைந்த இனாம் கமிஷனில் அவர் பணியாற்றினார். ஓலையையும் செப்பேட்டையும் சன்னதையும் பார்த்து, இந்த நிலம் உனது, அந்த நிலம் உனதன்று என்று தீர்மானிக்கும் வேலை அது. கைநீட்டுவதற்கு அதனினும் வசதியான இடம் வேறு இருந்திருக்க முடியாது. அவரோ அங்கிருந்து நல்ல பெயருடன் வெளிவந்தார். பின்னர், கோழிக்கோட்டில் டிப்டி கலெக்டராக இருக்கையில், அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த சேஷாத்திரி ஐயர் என்னும் இளைஞரின் திறமையை அறிந்தார்.

1868-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். ஆட்சியதிகாரம் இழந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தும், அரண்மனையின் ஆடம்பரம் குறையாதிருந்தது. கடன்காரர்கள், ஆபரணங்கள், களஞ்சியங்கள், தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் பெறும் ஏவலர்கள், உண்மையும் பொய்யும் கலந்த பாத்தியதைகள் ஆகிய இவற்றை ஒழுங்குபடுத்த எலியட் துரை நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவரே ரங்காசார்லு. பொருள்களைப் பட்டியலிடுதல், கோரிக்கைகளை ஆய்ந்து தள்ளவேண்டியதைத் தள்ளுதல், வேண்டாத செலவை நிறுத்துதல் என்று அவர் கைக்கொண்ட வேலையில் நன்றி கூறுவோர் சிலரும், சபிப்போர் பலரும் இருந்திருப்பர். பின்னர் அவரே அரண்மனைக் கணக்குகளின் கட்டுப்பாட்டு அதிகாரியானார்.

1874-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியாயிற்று. மைசூரில் ஆங்கிலேயர் நடத்திவந்த நிர்வாகத்தைப் பற்றியது அது. உயர்ந்த பதவிகளில் ஐரோப்பிய அதிகாரிகள் பெருகிவிட்டனர், அவர்தம் சம்பளம் நாட்டின் வருவாயை விழுங்குகிறது, அதே வேலையைச் சுதேசிகள் குறைந்த செலவில் செய்ய இயலும் என்பது அதன் சாரம். அதை எழுதியவர் ரங்காசார்லு; தலைப்பிலே ஆசிரியராகக் குறிக்கப்பட்டிருந்ததோ மைசூர்வாசி ஒருவர். ஆறே ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த செங்கற்பட்டுக்காரர் இப்பெயரைத் தாங்கியதைக் கண்டு சிலர் நகைக்கலாம். வந்த நாட்டைத் தம் நாடாகவே அவர் கொண்டுவிட்டார் என்றே நாம் பொருள் கொள்கிறோம். எனினும், அந்த வாதம் பின்னர் யாருக்கு எதிராகத் திரும்பியது என்பதைக் கீழே கூறுவோம்.

அடுத்து வந்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை மைசூர் நாடு பட்ட பாடு சொல்லுந்தரமன்று. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஐம்பது இலட்சத்துக்கு மேலிருந்த மக்கட்டொகை, 1881-இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் குறைந்து போயிற்று. கருவூலத்தில் சேர்த்து வைத்திருந்த 63 இலட்சம் ரூபாய் மறைந்தது. 80 இலட்சம் ரூபாய் கடன் ஏறிற்று. இந்த வெறுங்கஜானாவையும், வற்றிய ஊர்களையும், பதினெட்டு வயது நிரம்பிய சாமராஜேந்திர உடையாரையும் 1881-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் ஆங்கிலேயர் மைசூருக்குத் திருப்பித் தந்தனர். அதே நாளில் ரங்காசார்லு திவானானார். ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கப்பத்தை இருபத்து நாலரை இலட்சத்திலிருந்து 35 இலட்சமாக உயர்த்தவும் ஏற்பாடாகியிருந்தது. நல்ல வேளையாக, அவ்வுயர்வு சில ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெங்களூரின் தண்டுப் பகுதியும் அவ்வாண்டே ஆங்கிலேயர் பொறுப்பில் விடப்பட்டது. ஆகவே, தமிழர் மிகுதியாக வாழ்ந்த அல்சூரும் இன்றைய சிவாஜி நகரும் 1947 வரை திவானின் ஆட்சிக்கு உட்படாமல், ரெசிடெண்டின் ஆட்சியிலே இருந்தன.

இத்தகைய நெருக்கடியில் வேறு எவராயினும் அதிகாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பர். ரங்காசார்லு பதவியேற்ற ஐந்தாவது மாதத்திலே, ஆகஸ்டு 25-ஆம் நாள், மன்னரின் பெயரால் ஓர் உத்தரவு பிறந்தது. ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் செல்வாக்கும் பொது அறிவும் உடைய நிலச்சுவான்தார் ஒருவரோ இருவரோ, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் முதன்மையான வணிகர் மூவரோ நால்வரோ, தசராவையொட்டி மைசூருக்கு வரவேண்டும். அரசு கடந்த ஆண்டில் என்ன செய்தது, வரும் ஆண்டில் என்ன செய்யக் கருதுகிறது என்பது அவர்கள் முன் எடுத்துரைக்கப்படும். அவர்கள் தங்கள் பகுதியின் குறைகளைக் கூறலாம். அங்ஙனமே 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் 144 பேர் கூடினர். அதுவே பிரஜாப் பிரதிநிதி சபை.

அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. வரவுசெலவைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை. உறுப்பினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அல்லர். மாவட்ட அதிகாரிகளும் உள்ளூர் நிதிக் குழுக்களும் பொறுக்கி அனுப்பியவர்களே. இதைக்கொண்டு அதனை வெறும் தர்பார் அலங்காரம் என்று ஒதுக்கினாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அதுகாறும் ஒரு சிற்றூர்க் குடியானவனுக்கு அமல்தாரின் மேல் ஏதேனும் குறை இருந்தால், அக்குறையை எழுதிய மனு பெரும்பாலும் அதே அமல்தாரின் மேசைக்கே விசாரணைக்குத் திரும்பி வந்து சேரும். மனுச்செய்தவன் கதி என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. இப்பொழுதோ, ஆண்டுக்கு ஒரு முறையேனும், அமல்தாரைக் கடந்து, டிப்டி கமிஷனரையும் கடந்து, நாட்டின் முதலமைச்சர் எதிரே, நாலுபேர் கேட்க அதனைச் சொல்ல இடம் உண்டாயிற்று. கணக்கு வெளியே வந்தது. திவானே எழுந்து நின்று, இவ்வளவு வந்தது, இவ்வளவு போயிற்று என்று குடிமக்களிடம் கூறினார். சொல்லிப் பழகிய பின்னர் சொல்லாமலிருத்தல் எந்த அரசுக்கும் எளிதன்று.

காலத்தையும் நோக்கவேண்டும். ரிப்பன் பிரபு தல சுயாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டது 1882-இல். சென்னை மகாஜன சபை தோன்றியது 1884-இல். காங்கிரசு மகாசபை முதன்முதல் பம்பாயில் கூடியது 1885-இல். அவை யாவும் மைசூரில் அந்த 144 பேர் கூடிய பின்னரே நிகழ்ந்தவை.

ஆட்சிச் செலவைக் குறைப்பதில் அவர் கையாண்ட கத்தி மிகக் கூரியது. சிற்சில இடங்களில் வேண்டியதையும் வெட்டிவிட்டது. ஹாசனும் சித்ரதுர்க்கமும் மாவட்டத் தகுதியை இழந்து உட்பிரிவுகளாயின. தொலைவில் உள்ள கச்சேரிக்கு மக்கள் நடையாய் நடந்தனர். 1886-இல் அம்மாவட்டங்களை மீண்டும் அமைக்க நேர்ந்தது. மறுபுறம், பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் இருப்புப்பாதை அவர் காலத்தில், 1882-இல், முடிவுற்றது. உழவு ஒன்றை மட்டும் நம்பிய நாடு மழை பொய்த்தால் மடியும் என்பதைப் பஞ்சத்திலே கண்டவராதலின், தொழில்களும் உடன் வளரவேண்டும் என்று சபையில் வற்புறுத்தினார். பிற்காலத்தில் விசுவேசுவரய்யா செய்த முயற்சிகளுக்கு அக்கருத்து ஒரு முன்னோடி எனலாம்.

இனி, மேலே குறிப்பிட்ட வாதத்துக்கு வருவோம். ஐரோப்பியர் வகித்த இடங்களில் சுதேசிகள் அமரவேண்டும் என்றார் ரங்காசார்லு. அமர்ந்தவர் யார்? ஆங்கிலக் கல்வியில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டிருந்தமையால், பல உயர்பதவிகள் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கே போயின. சேஷாத்திரி ஐயரின் பதினெட்டாண்டு ஆட்சியில் இது மேலும் வளர்ந்தது. தங்கள் நாட்டின் அலுவலகங்களில் தாங்களே அயலாராய் நிற்கிறோமே என்று மைசூர் இளைஞர்கள் மனம் நொந்தனர். மைசூர் மைசூரியருக்கே என்னும் முழக்கம் எழுந்தது. வெள்ளையரைக் குறித்து 1874-இல் ரங்காசார்லு கேட்ட அதே கேள்வியைச் சென்னைக்காரரைக் குறித்து அவர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்வி என்றே நாம் கூறுவோம். நம்மவர் பெருமை பேசும் மலர்களில் இதனை மறைத்து எழுதுவதே வழக்கமாயினும், மறைப்பதால் பயன் யாது? திறமையுள்ளவரைத் தேடிக்கொண்டு வருவதற்கும், வேண்டியவரைக் கொண்டுவந்து நிரப்புவதற்கும் இடையே உள்ள வேலி மெல்லியது. கைக்கூலி பெறாத கையும் உறவினர்க்குப் பதவி தருமாயின், வாயிலில் காத்திருக்கும் அயலானுக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். மைசூர் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு 1891-இல் ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு.

அந்நாளை ரங்காசார்லு காணவில்லை. 1882-இல் சபை இரண்டாம் முறை கூடியபின் அவர் உடல்நலம் குன்றியது. 1883-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அவர் திவானாக இருந்தது இரண்டாண்டுக்கும் குறைவான காலமே.

அவர் மறைந்தால் சபையும் மறையும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். அதன் உறுப்பினர்களை, வரி செலுத்துவோரில் குறிப்பிட்ட தகுதியுடையோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை 1891-இல் நடைமுறைக்கு வந்தது. 1907-இல் சட்டசபை ஒன்று அதனருகே தோன்றியது. 1923-இல் சபைக்கே சட்டத்தின் ஆதாரம் கிட்டிற்று. மன்னரின் உத்தரவால் பிறந்தது, உத்தரவு ஒன்றினால் கலைக்க இயலாத நிலையை எய்தியது. நாடு விடுதலை அடைந்து, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வரவிருந்த காலையில், 1949-இல் அது தன் பணியை முடித்துக்கொண்டது. அறுபத்தெட்டு ஆண்டுகள். பெங்களூரில் விதான சௌதா எழுந்து நின்றது 1956-இல். உத்தியோகஸ்தர் மீதும் அமைச்சர் மீதும் குடிமக்கள் முறையிடுவதற்கென லோகாயுக்தா என்னும் அமைப்புக்கு இம்மாநிலம் சட்டம் செய்தது 1984-இல். அதன் அதிகாரம் இடையிலே, 2016-இல், பறிக்கப்பட்டதும், 2022-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டதும் நம் காலத்துச் செய்திகள். இத்தகைய நிலையங்களை அமைப்பதைவிட, அமைத்தபின் பல்லைப் பிடுங்காமல் விட்டுவைப்பது கடினம் என்று தோன்றுகிறது.

ரங்காசார்லுவின் நினைவாக எழுப்பிய மண்டபம் மைசூரில் இருக்கிறது. அதற்குச் சாமராஜேந்திர உடையார் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் அதுவே ஊரின் நகரமண்டபம் ஆயிற்று. தசராவுக்குக் குடும்பத்துடன் செல்லும் நம் அன்பர்கள், அரண்மனையிலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்கு நடக்கும் வழியில், பெரிய மணிக்கூண்டின் பக்கத்தில் அதனைக் காணலாம்.