எல்லை தாண்டிய வள்ளியம்மை



தில்லையாடி வள்ளியம்மை என்ற பெயரைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சின்ன வயசிலேயே பாடத்தில் படித்துவிட்டோம். எழும்பூருக்குப் போனால் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்திலும் அந்தப் பெயர்தான். 2008-ல் தபால்தலையும் வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் என்ன குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனாள் என்று கேட்டால், பாதிப்பேர் தலையைச் சொறிவோம்.

அவள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டினாள். அவ்வளவுதான் குற்றம்! அந்தக் கதையை இந்த மலரில் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பிறந்த மண்ணிலேயே அந்நியர்

வள்ளியம்மை பிறந்தது தில்லையாடியில் அல்ல. குடும்பத்தின் பூர்வீகம்தான் அது. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில், 1898 பிப்ரவரி 22 அன்று. தகப்பனார் முனுசாமி முதலியார் அங்கே சிறு வியாபாரம் செய்துவந்தார்.

ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் பகுதியில் 1907 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசியர்கள் பெயரைப் பதிவுசெய்து, கைரேகை கொடுத்து, அத்தாட்சிச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். நாம் ஐ.டி. கார்டை மறந்துவிட்டு இன்பிளான்ட் டிரெயினிங் போனால், செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிடுவார். நமக்கு அன்று ஒரு நாள்தான் நஷ்டம். அங்கே சீட்டு இல்லாதவருக்கு ஜெயில், அல்லது நாடுகடத்தல்! பக்கத்து மாகாணமான நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் வரவும் அனுமதி வேண்டும். நேட்டாலில் ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும்.

இதெல்லாம் போதாதென்று 1913 மார்ச்சில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டது. தாலி கட்டி வாழ்ந்த பெண்களுக்கு மனைவி என்ற தகுதியே போய்விட்டது. அதுவரை வீட்டுக்குள்ளே இருந்த பெண்கள் வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

கோட்டைத் தாண்டினாள்

காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் 1913-ல் பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய முதல் அணியில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. வள்ளியம்மையும் தாயாரும் போராட்டத்தில் சேர்ந்தார்கள். தெரிந்தே கோட்டைத் தாண்டினார்கள். 1913 டிசம்பர் 22 அன்று வால்க்ஸ்ரஸ்ட் என்ற எல்லையோர ஊரில் தீர்ப்பு: கடுங்காவலுடன் மூன்று மாதம். அடைக்கப்பட்ட இடம் மாரிட்ஸ்பர்க் சிறை. அப்போது அவளுக்குப் பதினாறு வயசுகூட நிரம்பவில்லை.

உள்ளே நடந்தது

மாரிட்ஸ்பர்க் சிறையில் சத்தியாகிரகப் பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி துவைப்பது. சாப்பாடு வாயில் வைக்க முடியாது. வெளியிலிருந்து உணவு வாங்கவும் அனுமதியில்லை. கஸ்தூரிபாய் அம்மையாரே அங்கிருந்து எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார். வள்ளியம்மைக்குத் தண்டனை தொடங்கிய சில நாளிலேயே காய்ச்சல் கண்டது. முன்கூட்டியே விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தும் அவள் சம்மதிக்கவில்லை.

விடுதலையாகி வந்தபோது எழுந்து நடக்க உடம்பில் தெம்பில்லை. காந்தியடிகள் படுக்கையருகே சென்று பார்த்தார். நெடுநெடுவென்று வளர்ந்த பெண் இளைத்து உருக்குலைந்து கிடந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் பிரிந்தது. அது அவளுடைய பதினாறாவது பிறந்தநாள்!

அவளுக்கு முன்பே இருவர் போய்விட்டார்கள். நாகப்பன் என்ற 18 வயது இளைஞர், 1909 ஜூனில் குளிர்காலத்தில் பத்து நாள் தண்டனை பெற்று, சாலை போடும் முகாமில் வேலை வாங்கப்பட்டார். நிமோனியா கண்டு, விடுதலையான கொஞ்ச நாளில், ஜூலை 6 அன்று மாண்டார். நாராயணசாமி என்பவர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அப்படிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களுக்கு, பத்திரிகை நடத்திய ஜி.ஏ. நடேசன் ஓடியாடி உதவினார். நாராயணசாமி மறுபடியும் கப்பலேறித் தென்னாப்பிரிக்கா திரும்பினார். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. வாரக்கணக்கில் கப்பல் தளத்திலேயே வெயிலிலும் பனியிலும் கிடந்து, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் இறந்தார்.

கவனியுங்கள் நண்பர்களே! மூவரில் யாருக்கும் மரணதண்டனை விதிக்கப்படவில்லை. ஒரு கம்பளி, ஒரு வேளை நல்ல கஞ்சி, காலத்தோடு ஒரு டாக்டர், இறங்க ஒரு கரை - இவை கிடைத்திருந்தால் மூவரும் பிழைத்திருக்கலாம். சட்டம் அவர்களைப் பிடித்து வைத்தது. பிடித்து வைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை ஒழித்தது. நம் கல்யாணங்களை ஏற்றது. மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை மட்டும் அதன்பிறகும் வெகுகாலம் நீடித்தது.

நம்ம பக்கத்திலே

இப்போது காரணத்துக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நம்மில் பலர் போய்வருகிறோம். அதே கும்மிடிப்பூண்டியில்தான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய முகாம்களில் அது ஒன்று. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் தாண்டி வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் வாழ்கிறார்கள். 2021 வாக்கில் தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். அரசு உதவித்தொகையும் அரிசியும் படிப்பும் கொடுக்கிறது. 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றி, புது வீடுகள் கட்டவும் திட்டம் அறிவித்தது. நல்ல காரியம், மனசாரப் பாராட்டுவோம்.

ஆனால் திருச்சி மத்திய சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் முகாம், இருப்பது காவலில்! வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் அங்கே வைக்கப்பட்டவர்களில் ஜாமீன் கிடைத்தவர்களும், தண்டனை முடிந்தவர்களும்கூட உண்டு. விடுதலை கேட்டுப் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். வள்ளியம்மைக்காவது மூன்று மாதம் என்று ஒரு கணக்கு இருந்தது. எப்போது வெளியே வருவோம் என்ற கணக்கே இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி நாளை எண்ணுவான்?

நாட்டின் பாதுகாப்பு முக்கியம் என்பதை நாம் மறுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் விசாரிக்கட்டும், வழக்கு நடத்தட்டும். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும் உண்மை. ஆனால் நமது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு, குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே காவலில் இருப்பவருக்கு நல்ல சோறு, வேளைக்கு வைத்தியம், குடும்பத்தைப் பார்க்க அனுமதி, எத்தனை நாள் என்ற ஒரு தேதி - இந்த நாலையும் கேட்பது சலுகை அல்ல, சட்டம்!

நாம் என்ன செய்யலாம்?

நமது பெரியபாளையத்தையே பாருங்கள். ஆடி மாசம் வந்தால் பவானி அம்மனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து தங்குகிறது. வேப்பிலை கட்டி வருபவரிடம் யாராவது ஊர், பேர், அத்தாட்சி கேட்கிறோமா? தண்ணீர் கேட்டால் சொம்பை நீட்டுகிறோம். அந்த மனசு போதும். முகாமிலிருந்து ஒருத்தர் நம் வகுப்புக்கு வந்தால், அகதி என்று தனியாக ஒதுக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். நோட்ஸ் கொடுப்போம். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அவருக்கு எந்தக் காகிதம் தடையாக நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். மாணவர் பேரவைக் கூட்டங்களில் சிறப்பு முகாமைப் பற்றியும் பேசுவோம்.

1914 ஜூலையில், தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன், காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக்கல் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே தில்லையாடிக்கும் தேடி வந்தார். பின்னாளில் நமது அரசும் அங்கே நினைவு மண்டபம் கட்டியது. அந்தப் பெண்ணுக்குக் கல்லும் மண்டபமும் போதுமான அளவு வைத்தாகிவிட்டது. இனி, அவளைப்போல் ஒரு கோட்டைத் தாண்டியதற்காக அடைபட்டிருப்பவர்களுக்குக் கம்பளியும் கஞ்சியும் மருந்தும் போய்ச் சேர்கிறதா என்று கேட்பதுதான் அவளுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

சிந்திப்போம்! கேட்போம்!