துணி ஆலையா, இயந்திர ஆலையா? இந்தியாவின் வளர்ச்சிக் கணக்கைப் போட்ட மஹலனோபிஸ்

சம்பளம் வந்ததும் செலவு பண்றதா, முதலீடு பண்றதா? நமக்கெல்லாம் தெரிந்த குழப்பம்தான். 1950களில் ஒரு நாட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ்.

யார் இவர்?

1893 ஜூன் 29இல் கொல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது இயற்பியல். அங்கே அறிமுகமான 'பயோமெட்ரிகா' இதழ் அவரைப் புள்ளியியல் பக்கம் திருப்பியது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பொருளாதாரத்தில் பட்டம் கிடையாது. ஆனாலும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956-61) அடித்தளம் போட்டது இவரது கணக்குதான்.

அப்படி என்ன கணக்கு?

முதலீடு கூடினால் வளர்ச்சி கூடும் என்பது அப்போதே பிரபலமாக இருந்த ஹாரட்-டோமர் கோட்பாடு. மஹலனோபிஸ் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: அந்த முதலீடு எந்தத் துறைக்குப் போகணும்?

துணி ஆலை கட்டினால் சீக்கிரமே துணி கிடைக்கும். ஆனால் அடுத்த ஆலைக்கு இயந்திரம் வேணுமே? இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி போதாது என்றால், மக்கள் எவ்வளவு சேமித்தாலும் ஆலை பெருகாது. அதனால் இயந்திரம் செய்யும் துறைக்கு மொத்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றார். முதல் சில வருஷங்கள் நுகர்வு மெதுவாகத்தான் கூடும், பிறகு வேகம் எடுக்கும் என்பது கணக்கு.

எங்கே இடித்தது?

பிலாய், ரூர்கேலா, துர்காபூரில் உருக்காலைகள் எழுந்தன. ஆனால் அவற்றைக் கட்டவே வெளிநாட்டு இயந்திரங்கள் தேவைப்பட்டன. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. வேலை செய்பவருக்குச் சோறும் துணியும் முதலில் வேணும், அதுவும் மூலதனம் மாதிரிதான் என்று வகீல், பிரம்மானந்தா ஆகிய பொருளாதார அறிஞர்கள் வாதிட்டார்கள். நாளைய வளர்ச்சிக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களால் எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லை.

இப்போ ஏன் தெரிஞ்சுக்கணும்?

79ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1972 ஜூன் 28இல் மஹலனோபிஸ் காலமானார். அவர் பிறந்தநாள்தான் தேசியப் புள்ளியியல் தினம். பட்ஜெட்டில் சாலை, ரயிலுக்கு எவ்வளவு, உணவு மானியத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வருஷமும் விவாதம் நடக்கிறதே, அதுவும் இதே கேள்விதான்.