மெட்ராஸ் பெயரில் பறந்த பைலட்

நம்ம இதழில் வாழ்க்கை வரலாறு என்றாலே கலாம், ராமானுஜன், சி.வி. ராமன் என்றுதான் வரும். இந்தத் தடவை கொஞ்சம் தூரத்து ஆள். பெயர் லியோனார்ட் செஷயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மேல் குண்டு போட்ட பிரிட்டிஷ் பைலட்.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். அவர் பறந்த படைப்பிரிவுகளில் ஒன்றின் பெயர் 35-ஆம் மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன். போர் நிதிக்கு மெட்ராஸ் மாகாணம் கொடுத்த பணத்துக்காக வைத்த பெயர் அது. திருவண்ணாமலையும் அப்போ வட ஆற்காடு மாவட்டத்தில், அதே மாகாணத்தில்தான் இருந்தது.

செஷயர் 1917-ல் பிறந்தார். அப்பா சட்டப் பேராசிரியர். மகனும் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம்தான் படித்தார். படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார். 1940-ல் நேராகப் போர். அந்த நவம்பரில் கொலோன் நகர ரயில்வே யார்டைத் தாக்கப் போன இரவில் அவர் விமானத்தில் பீரங்கிக் குண்டு பட்டது. உள்ளே தீ. பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அப்படியே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வயது 23.

ஏன் ரயில்வே யார்டு? நிலக்கரி, எஃகு, எண்ணெய், டாங்க் எல்லாம் ரயிலில்தான் போகணும். அதை நிறுத்தினால் ஃபேக்டரி நிற்கும், ஃபேக்டரி நின்றால் போர் நிற்கும். இதுதான் கணக்கு. காகிதத்தில் சரியான கணக்கு. ஆனால் இருட்டில், மேகத்துக்கு மேலே இருந்து, குண்டு சரியான இடத்தில் விழுந்ததா? 1941-ல் பிரிட்டிஷ் அரசு விமானங்கள் எடுத்த படங்களை வைத்துச் சோதித்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் 5 மைல் சுற்றளவுக்குள்ளாவது போயிருந்தது. 5 மைல்னா 8 கிலோமீட்டர். நம்ம ஊர் ஸ்டேஷனைக் குறிவைத்து எறிந்தது, மலை, கிரிவலப் பாதை மொத்தத்தையும் தாண்டி விழுந்தாலும் அது "சரி" கணக்கில் வரும்!

குறி வைக்க முடியாது என்று தெரிந்ததும் 1942-ல் நகரங்களையே இலக்காக வைத்தார்கள். போர் முடிவதற்குள் ஜெர்மனியில் லட்சக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். குண்டு போடப் போனவர்கள் பக்கமும் நிலைமை மோசம்தான். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். செஷயரும் அந்த இரவுகளில் பறந்தவர்தான். அதை மறைத்து எழுதக் கூடாது.

76-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானபோது அவர் செய்த ஒரு வேலை நம்மை மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும். ஹாலிஃபாக்ஸ் விமானம் முழு லோடுடன் உயரம் போகத் திணறியது. தாழப் பறந்ததால் சுலபமாக அடிபட்டது. துப்பாக்கிக் கூண்டுகள் சிலவற்றையே கழற்றிவிடச் சொன்னார். எடை குறைந்தது, காற்றுத் தடை குறைந்தது, விமானம் மேலே ஏறியது. பாதுகாப்புக்கு வைத்ததை எடுத்ததால்தான் பாதுகாப்பு கூடியது.

1943-ல், 25 வயதில், குரூப் கேப்டன் ஆனார். ஆனால் அது மேஜை வேலை. பதவியில் ஒரு படி இறங்கி, 617-ஆம் ஸ்குவாட்ரனில் மறுபடி பறக்கப் போனார். அங்கே அவர் பிடித்துக்கொண்ட பிரச்சினை அந்தப் பழைய 8 கிலோமீட்டர்தான். யாராவது ஒருவர் கூரை உயரத்துக்கு இறங்கி இலக்கின் மேலேயே வெளிச்சக் குறி போட்டால், மற்றவர்கள் உயரத்தில் இருந்தே சரியாகப் போடலாம். அந்த ஒருவர் தானே என்று முடிவு செய்தார்.

1944 பிப்ரவரி 8. பிரான்ஸின் லிமோஜ் நகரில் ஜெர்மானியருக்காக ஓடிய விமான எஞ்சின் ஃபேக்டரி. உள்ளே நைட் ஷிப்டில் நூற்றுக்கணக்கான பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் கூரையை உரசுவது போல மூன்று தடவை வெறுமனே பறந்தார். அவர்கள் வெளியே ஓடட்டும் என்றுதான். நான்காவது தடவைதான் குறி போட்டார். ஃபேக்டரி காலி.

அதே ஜூனில் சொமூர் ரயில் சுரங்கப்பாதை. பார்ன்ஸ் வாலிஸ் என்ற எஞ்சினியர் வடிவமைத்த 5,400 கிலோ டால்பாய் குண்டு முதன்முதலாக அங்கேதான் விழுந்தது. ஒன்று மலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடித்துப் பாதையை அடைத்தது.

100-க்கும் மேல் தாக்குதல்களில் பறந்ததற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மேல் அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டன் சார்பில் விமானத்தில் இருந்து பார்த்தவர்களில் இவரும் ஒருவர். அடுத்த வருடமே படையை விட்டார்.

1948-ல், கேன்சரில் சாகக் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரி இனி வைத்திருக்க முடியாது என்றது. போக்கிடம் இல்லை. செஷயர் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து, கடைசி வரை தன் கையாலேயே பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொருவர் வந்தார். அப்படியே வளர்ந்ததுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான செஷயர் இல்லங்கள். நடுவில் அவருக்கே காசநோய் வந்து சுமார் இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குணமானதும் 1955-ல் இந்தியா வந்தார். பம்பாயில் ஆரம்பித்து, கோவை உட்படப் பல ஊர்களில் இல்லங்கள் வந்தன. 1959-ல் பம்பாயில்தான் சூ ரைடரைக் கல்யாணம் செய்துகொண்டார். வதைமுகாம்களில் தப்பியவர்களுக்காக உழைத்தவர் அவர். 1992-ல், நரம்பு நோயால் தானே உடல் செயலிழந்து, செஷயர் இறந்தார்.

இதைப் "பாவம் செய்தார், பரிகாரம் தேடினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த விளக்கத்தை அவரே ஏற்கவில்லை. ஹிட்லரை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது லிமோஜின் அந்த மூன்று ரவுண்டுதான். ஒவ்வொரு ரவுண்டிலும் கீழே இருந்து அவரைச் சுட்டிருக்கலாம். ஆர்டரில் அது கிடையாது, ஸ்பெசிஃபிகேஷனிலும் கிடையாது.

இன்னும் சில மாதத்தில் நம்ம பேட்ச்சும் வேலைக்குப் போகும். சிலர் டிரோன், ரேடார், ஏவுகணை பக்கமும் போவோம். வேண்டாம்னு சொல்ல நான் யாரு? கீழே ஷிப்டில் யார் இருக்காங்கன்னு மட்டும் ஒரு ரவுண்டு பார்த்துக்குவோம்.