தாமஸ் மன்னும் பறிக்கப்பட்ட பட்டமும்

பான் என்றதும் பலருக்கு பீத்தோவன் பிறந்த ஊர் என்பதும், மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த ஊர் என்பதும் நினைவுக்கு வரும். எனக்கோ இங்குள்ள பல்கலைக்கழகத்தைக் கடக்கும்போதெல்லாம் தாமஸ் மன்தான் நினைவில் எழுகிறார். 1875-ல் லூபெக்கில் பிறந்த அவர் இங்கே படித்தவரல்ல; பள்ளிப் படிப்பையே முழுதாக முடிக்காதவர். 1919-ல் நூற்றாண்டு விழாவையொட்டி இப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

அன்றைய மன் ஜனநாயகவாதி அல்ல. 1918-ல் வெளியிட்ட பெரிய கட்டுரை நூலில், ஜனநாயகம் ஜெர்மானிய மனத்துக்கு ஒவ்வாத இரவல் சரக்கு என்றே வாதாடியிருந்தார். குடியரசை ஆதரித்த அண்ணன் ஹைன்ரிஷுடன் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை கிடையாது. 1922-ல் அமைச்சர் ராத்தெனௌ சுட்டுக் கொல்லப்பட்ட பின்புதான் அவர் குடியரசின் பக்கம் வந்தார். பழைய ரசிகர்கள் அதைத் துரோகம் என்றார்கள்.

1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியது. ஏறத்தாழ 64 லட்சம் பேர் வாக்களித்திருந்தனர். மறுமாதமே பெர்லினில் மன் பேசினார். படித்த நடுத்தர வர்க்கம் சமூக ஜனநாயகக் கட்சியோடு நிற்கவேண்டும் என்றார். அத்தோடு விட்டாரா? இனம், ரத்தம் என்ற மாய வார்த்தைகளுக்குப் பேராசிரியர்களும் துணை போகிறார்கள் என்று குற்றம்சாட்டினார். நாஜிகள் கூச்சலிட, பேச்சு முடிந்ததும் நண்பர்கள் அவரைப் பின்வழியாக அழைத்துச் சென்றார்கள்.

1933-ல் நாட்டைவிட்டு வெளியேறியவரின் குடியுரிமை 1936 டிசம்பரில் பறிக்கப்பட்டது. அதே மாதம் பானிலிருந்து சில வரிக் கடிதம் ஒன்று போயிற்று: கௌரவ டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அனுப்பிய துறைத்தலைவர் ஒரு ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்! சுவிட்சர்லாந்திலிருந்து மன் எழுதிய பதில் 1937-ல் சிறு நூலாக வந்து, ஜெர்மனிக்குள் கள்ளத்தனமாகப் பரவியது. பல்கலைக்கழகங்களும் இந்தக் கேட்டுக்குப் பொறுப்பு, இந்த ஆட்சி நாட்டைப் போருக்கே கொண்டுபோகிறது என்பதுதான் அதன் சாரம்.

1938-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஜனநாயகம் பற்றிப் பேசினார். பெரும்பான்மைக் கணக்கு மட்டும் ஜனநாயகமாகாது. மனித கண்ணியமே அதன் வேர், மக்களைச் சிந்திக்கப் பழக்குவதே அதன் வேலை, தன்னைக் கொல்ல வருபவனிடம் அது கைகட்டி நிற்கக்கூடாது என்றார். இதில் கொஞ்சம் வாத்தியார் வாடை அடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். படித்தவன் வழிகாட்ட, மற்றவன் பின்தொடர வேண்டும் என்ற தொனி. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. இலங்கையில் 1931-ல் சர்வஜன வாக்குரிமை நடைமுறைக்கு வருமுன் அதை எதிர்த்தவர்களில் பெரும் கல்விமான் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். ஆனால் மன்னுக்கு ஒன்று தெரிந்திருந்தது: பானில் அவர் பெயரை அடித்தவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர்.

1944-ல் அமெரிக்கக் குடிமகனாகி, அவ்வாண்டே ரூஸ்வெல்டுக்காகத் தேர்தல் பேச்சும் பேசினார். போர் முடிந்தபின், 1946 டிசம்பரில் பான் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திருப்பித் தந்தது. அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஜெர்மனியில் குடியேறவில்லை. 1952-ல் மீண்டும் சுவிட்சர்லாந்துக்கே போனார். 1955-ல் சூரிக்கில் காலமானார்.