அசிசியார் அமைத்த குடில்



மழை விட்டும் விடாமலும் இருக்கும்போதே திருவருகைக் காலம் பிறந்துவிடுகிறது. கூடவே அரையாண்டுத் தேர்வும் வந்துவிடுகிறது. சென்ற டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். அம்மா காலையில் கூடுவாஞ்சேரி நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். வந்தபின் சமையல், மறுநாளுக்கான துணிமணி, முறுக்குக்கு மாவு, தம்பிக்குப் பாடம். இவற்றோடு நானும் தம்பியும், அடுத்த தெருக் குடிலை விட நம் குடில் பெரிதாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தோம். மலை வேண்டும், அருவி வேண்டும், ஓடும் விளக்குகள் வேண்டும் என்றோம். ஓர் இரவு, பாதியில் நின்ற அந்தக் குடிலின் முன் அம்மா உட்கார்ந்து அழுதுவிட்டார். ஏன் என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

குடில் வழக்கத்துக்கு வித்திட்டவர் இதற்கு எவ்வளவு பாடுபட்டாரோ என்றறியும் ஆவலில் நூலகத்தில் புனித பிரான்சிஸ் அசிசியாரின் வரலாற்றை எடுத்தேன். நம் பாட்டிமார் ஐந்து காயப் பிரான்சிஸ்கு என்று வணங்குகிறார்களே, அவரேதான்.

இத்தாலி நாட்டின் அசிசி நகரில் 1181 அல்லது 1182ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை பியேத்ரோ பெர்னார்தோனே பெரிய துணி வணிகர். குழந்தைக்கு அருளப்பர் என்று ஞானஸ்நானப் பெயர் இடப்பட்டபோது தந்தை வியாபார நிமித்தம் பிரான்சு நாட்டில் இருந்தார். திரும்பி வந்தவர், அந்நாட்டின் மேல் கொண்ட பிரியத்தால் மகனைப் பிரான்சிஸ் என்று அழைத்தார். இளமையில் நல்ல உடை, நண்பர் கூட்டம், விருந்து, பாட்டு எல்லாவற்றிலும் அவரே முதல்வர். 1202இல் பெருஜியா நகரோடு நடந்த போரில் சிறைப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு அங்கே கிடந்தார். அதன்பின் அவர் பழைய பிரான்சிஸ் அல்லர். தொழுநோயாளரைக் கண்டு விலகி ஓடியவர் அவர்களைத் தேடிச் சென்று அணைத்தார். 1206இல் ஆயரின் முன்னிலையில் தம் உடைகளையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டார். தந்தையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதவில்லை. எனக்கென்னவோ அவரையும் நினைக்கத் தோன்றுகிறது.

தனியே தொடங்கியவரைச் சுற்றித் தோழர்கள் கூடினர். 1209இல் பாப்பரசர் மூன்றாம் இன்னோசென்ட் அவர்களின் எளிய வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக இசைவளித்தார். 1212இல் கிளாராவும் அவர் வழியில் வந்தார். 1219இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குச் சென்று, சுல்தான் அல் காமிலை ஆயுதமின்றிச் சந்தித்துத் திரும்பினார். திரும்பியபோது அவருக்குக் கண்நோய் வந்திருந்தது, உடல் நலிந்திருந்தது. சபையோ ஆயிரக்கணக்கானோர் கொண்டதாய்ப் பெருகி, அதோடு சிக்கல்களும் பெருகியிருந்தன. 1220இல் தலைமைப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார். 1221இல் எழுதிய விதிநூல் மிக நீண்டுவிட்டதால் அதைச் சுருக்கி, 12 அதிகாரங்களில் அடங்கும் புதிய விதிநூலை உருவாக்கினார். 1223 நவம்பர் 29ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் அதற்கு ஒப்புதல் தந்தார்.

அந்த நாளைக் கவனியுங்கள். திருவருகைக் காலத்தின் வாயிலில், நீண்டதைக் குறுக்கி முடித்த கையோடு அவர் கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகிறார்.

ரியேத்தி பள்ளத்தாக்கில் கிரேச்சோ என்னும் சிற்றூர் மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே ஜியோவான்னி என்ற பெருமகன் அவருக்கு நண்பர். திருநாளுக்கு ஏறத்தாழப் பதினைந்து நாள் முன்பு பிரான்சிஸ் அவருக்குச் சொல்லியனுப்பினார். பெத்லகேமில் பிறந்த குழந்தை எத்தகைய வறுமையில் கிடத்தப்பட்டது என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் ஆசை. கேட்ட பொருள்கள் மூன்றே: வைக்கோல் நிறைந்த ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் இல்லை. மரியாளாகவும் சூசையப்பராகவும் வேடமிட்டவர்களும் இல்லை. மூன்றும் அந்த ஊரிலேயே கிடைப்பவை. அவற்றையும் அவர் தாமே சேர்க்கவில்லை. செய்யக்கூடிய ஒருவரிடம் கேட்டார். நோயாளி வேறு என்ன செய்வார் என்று நினைக்கலாம். ஆனால் கேட்பதற்கும் மனம் வேண்டுமல்லவா? எங்கள் அம்மா யாரிடமும் கேட்டதில்லை.

அந்த இரவில் சுற்றுவட்டார மக்கள் மெழுகுவர்த்தியும் தீவட்டியும் ஏந்தி மலையேறி வந்தனர். தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. குருப்பட்டம் பெறாத பிரான்சிஸ், தியாக்கோன் உடையணிந்து நற்செய்தியைப் பாடினார், பின்பு பிரசங்கித்தார். பெத்லகேம் என்ற பெயரை அவர் ஆட்டுக்குட்டி கத்துவது போல் நீட்டி உச்சரித்தாராம்; அந்தப் பெயரின் இனிமையைச் சுவைப்பதுபோல் உதடுகளை நாவால் தடவிக்கொண்டாராம். அவர் மறைந்த மூன்றாண்டுகளுக்குள் செலானோ ஊர்த் தோமா எழுதிய வரலாற்றில் இவையெல்லாம் இருக்கின்றன. வெறுந்தொட்டியில் ஒரு குழந்தை உறங்குவதையும், பிரான்சிஸ் அதை எழுப்புவதையும் ஒருவர் கண்டதாகவும் அதிலேயே சொல்லப்படுகிறது.

எங்கள் வீட்டுக்கு மிக வேண்டியதாக எனக்குப் பட்டது வேறொரு நிகழ்ச்சி. அவருடைய சபையில் சகல புனிதர் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை உபவாச காலம். அத்தகைய காலம் ஒன்றில் அவர் நோயுற்றிருந்தார். எண்ணெய் உடலுக்கு ஒவ்வாததால் பன்றிக் கொழுப்பில் சமைத்த உணவை உண்ண நேர்ந்தது. கிறிஸ்து பிறப்பை ஒட்டி, பொஜ்ஜோ என்ற இடத்தில் பிரசங்கம் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. அவர் எடுத்த எடுப்பிலேயே, தம்மைப் புனிதன் என்று நம்பி வந்த அந்த மக்களிடம், இந்த உபவாச காலம் முழுவதும் தாம் உண்டது இன்னது என்று சொல்லிவிட்டார். முடியாததை முடிந்ததாகக் காட்டிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

அதே மனிதர் திருநாள் வந்துவிட்டால் சிக்கனம் பார்க்கமாட்டார். ஒருமுறை கிறிஸ்து பிறப்பு வெள்ளிக்கிழமையில் வந்தது. சுத்தபோசனம் காக்க வேண்டுமா என்று ஒரு சகோதரர் கேட்க, அன்று சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும், உண்ண இயலாவிட்டால் அவற்றின் மேல் பூசவாவது வேண்டும் என்ற பொருளில் கடிந்துகொண்டாராம்! பறவைகளுக்காக அன்று வழியெல்லாம் தானியம் தூவச் சொல்லி மன்னரிடம் கேட்க வேண்டும் என்றும், மாட்டுக்கும் கழுதைக்கும் தீவனம் கூடுதலாக வைக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

கிரேச்சோவுக்குப் பின் அவர் அதிக நாள் வாழவில்லை. 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் ஐந்து காயங்களைப் பெற்றார். பார்வை மங்கியது. 1226 அக்டோபர் 3ஆம் நாள் மாலை, வெறுந்தரையில் கிடந்து உயிர்நீத்தார். 1228இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. கிரேச்சோக் குடிலின் 800ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது.

அன்று தொட்டியில் இருந்த வைக்கோலை ஊரார் எறிந்துவிடவில்லை; எடுத்து வைத்திருந்து நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், அவை குணமடைந்தன என்று தோமா எழுதுகிறார்.

இந்த வரலாற்றை ஒரு ஞாயிறு மாலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொழுப்புச் சமையல் வந்த இடத்தில் அம்மா சிரித்தார். இவ்வாண்டு முறுக்கு சித்தி வீட்டிலிருந்து வருகிறது. கேட்டதும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்கள். தம்பி ஒரு சிரட்டையில் கேழ்வரகு விதைத்து, தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கிறான். அதுவே குடிலுக்குப் புல்தரை. குடில் ஓர் அட்டைப்பெட்டிதான். நந்திவரத்தில் மாடு வைத்திருக்கும் பாட்டியிடம் ஒரு கட்டு வைக்கோல் வாங்கி வந்தோம். காசு வேண்டாம் என்றார் பாட்டி. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அதை அவருடைய பசுவுக்கே கொண்டுபோய்ப் போடுவதாகச் சொல்லியிருக்கிறோம்.