பெறாத பிள்ளைகளுக்குத் தந்தையானவர்

1853ஆம் ஆண்டு, இயேசுவின் திரு இருதயத்திற்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட ஜூன் மாதத்தின் கடைசி நாளில், நியூயோர்க் நகரில் முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். பியேர் துசான் என்பது அவர் பெயர். அவர் குருவானவரும் அல்லர், துறவியும் அல்லர். செல்வச் சீமாட்டிகளின் கூந்தலை அலங்கரிப்பதே அவரது தொழில். அவருக்குப் பெற்ற பிள்ளை ஒன்றேனும் இருந்ததில்லை. ஆயினும், அவரை ஒரு தந்தையாகவே இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகின்றோம்.

கரீபியன் கடலில் இன்று ஹெயிட்டி என வழங்கும் நாடு, அக்காலத்தில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்தது. அங்கே பெராட் என்னும் குடும்பத்தாரின் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர் துசான். அடிமைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தற்கரிய எழுத்தறிவு எசமானின் வீட்டிலேயே அவருக்குக் கிடைத்தது. நாட்டிலே கொந்தளிப்பு மூண்ட காலத்தில் அக்குடும்பம் கப்பலேறி நியூயோர்க் நகரை அடைந்தது. துசானும் அவருடைய தங்கை ரொசாலியும் உடன் கொண்டுவரப்பட்டனர். பிழைப்புத் தேடித் தாமாக வந்தவரல்லர் அவர். பிறருடைய உடைமையாக வந்து இறங்கியவர். எசமான் அவரைச் சிகையலங்காரத் தொழில் பழக விட்டார். பின்பு தோட்டத்தின் நிலையறியத் தாய்நாடு திரும்பிய எசமான் அங்கேயே நோயுற்று மரித்தார். சொத்துக்களும் பறிபோயின. இளம் விதவையான மரி அம்மையார் அந்நிய நகரில் கையில் காசின்றி நின்றார்.

ஒருநாள் கடனைத் தீர்ப்பதற்காக அம்மையார் தம் நகைகளை அவரிடம் கொடுத்து விற்று வரும்படி சொன்னார். சில நாட்களின் பின் பணமும் வந்தது. நகைகளும் திரும்பி வந்தன. பணம் துசான் உழைத்துச் சேர்த்தது. அதன் பின்னர் பல்லாண்டுகளாக அவ்வீட்டின் செலவைத் தாங்கியவர் அந்த அடிமையே. 1807ஆம் ஆண்டு, மரணப் படுக்கையில் கிடந்த அம்மையார் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இவ்விடத்தில் உங்களுள் சிலருக்குச் சினமும் எழக்கூடும். தன் விடுதலைக்கு விலை கொடுக்கும் அளவுக்கு உழைத்தவன் தன்னை அடிமையாக வைத்திருந்தவளுக்கு ஏன் உணவளிக்க வேண்டும் என்று பலர் கேட்டதுண்டு. அது நியாயமான கேள்வியே. அடிமைத்தனம் என்ற பெரும் பாவத்தை ஓர் அடிமையின் நற்குணத்தைக் காட்டி நாம் மூடிவிடலாகாது. ஆனால் அவர் பயந்து பணிந்தவர் என்று எண்ணவும் இடமில்லை. கையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு முதலில் தங்கை ரொசாலியை விலை கொடுத்து மீட்டார். பின்னர் ஜூலியட் என்னும் பெண்ணையும் மீட்டு, 1811ஆம் ஆண்டு அவரைக் கைப்பிடித்தார்.

ரொசாலியின் கணவர் அவளைக் கைவிட்டார். அவளும் சயரோகத்தால் மாண்டாள். அவள் விட்டுச்சென்ற சின்னஞ்சிறு மகள் யூபேமியா, 1815ஆம் ஆண்டு பிறந்தவள், நோஞ்சான் குழந்தை. பிழைப்பாளோ என்று பலரும் ஐயுற்ற அக்குழந்தையைத் துசானும் ஜூலியட்டும் தங்கள் மகளாக ஏற்றனர். வேலைக்கு நடுவிலும் அவளை நல்ல காற்றுக்காகத் தூக்கிக்கொண்டு நடப்பார் துசான். அவள் வளர்ந்தபின் எழுத்தும் இசையும் கற்பித்தார். வாரந்தோறும் அவள் தனக்கொரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்பது அவர் வகுத்த வீட்டுப்பாடம். ஒரே வீட்டில் வாழ்ந்த அவளும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அவருக்குக் கடிதம் எழுதினாள். அநாதைப் பிள்ளைகளுக்கு இனிப்புப் பணிஸ் வாங்கி, தன் கையால் அல்லாது மகளின் கையாலேயே கொடுப்பிப்பார் அந்தத் தந்தை.

அந்த அநாதை இல்லம், புனித எலிசபெத் ஆன் சீற்றன் அம்மையாரின் அருட்சகோதரிகள் 1817ஆம் ஆண்டு நியூயோர்க் வந்து ஏற்று நடத்தியது. அங்கு வளர்ந்தவர்கள் வெள்ளையினப் பிள்ளைகள். அவர்களுக்காகத் தம் சீமாட்டிகளிடம் கையேந்தி நிதி திரட்டிய துசான், போக்கிடமற்ற கறுப்பினச் சிறுவர்களைத் தம் வீட்டிலேயே ஒருவர் பின் ஒருவராக வைத்து வளர்த்தார். அவர்களைப் படிப்பித்து, தொழில் பழக்கி, வேலையும் தேடிக் கொடுத்தார். மஞ்சட் காய்ச்சல் பரவி, அடைக்கப்பட்ட தெருக்களிலிருந்து மக்கள் ஓடிய வேளையில், தடைகளைத் தாண்டி உள்ளே சென்று கைவிடப்பட்ட நோயாளரைப் பராமரித்தார்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். அதிகாலை ஆறு மணிக்குப் பார்க்லி வீதியிலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் திருப்பலி. பின்பு நாள் முழுவதும் வீடு வீடாக வேலை. வாகனங்களில் கறுப்பினத்தவருக்கு இடமளிக்காத காலமாகையால் கால்நடையாகவே அவர் நகரமெங்கும் சென்றார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதுவே அவரது வழக்கம். ஒரு வீட்டின் இரகசியத்தை மற்றொரு வீட்டில் அவிழ்த்ததில்லை. வம்பு கேட்டவர்களிடம், தாம் சிகையலங்காரம் செய்பவரேயன்றிச் செய்திப் பத்திரிகை அல்லர் எனச் சொல்லிவிடுவாராம்.

1829ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், தாயைக் கொண்டுபோன அதே நோய் யூபேமியாவையும் கொண்டுபோயிற்று. அந்த மனிதர் உருக்குலைந்து போனார். அவரை அறிந்தவர்கள் அவர் அழுததை மறைக்காமல் எழுதி வைத்துள்ளனர். பக்தியுள்ளவர் துயரப்படுவதில்லை என்று நம்மிற் சிலர் எண்ணுவது எவ்வளவு தவறு! அவர் செபித்தார், அழவும் செய்தார், வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்காக மறுபடியும் வேலைக்குப் புறப்பட்டார்.

1835ஆம் ஆண்டின் பெருந்தீயில் அவர் சேமித்தவற்றுள் பெரும்பகுதி அழிந்தது. நண்பர்கள் நிதி திரட்ட முன்வந்தபோது, தம்மிலும் தேவையுள்ளோர் பலர் இருக்கின்றனர் எனத் தடுத்துவிட்டார். முதுமையில், ஓய்வெடுக்கப் போதிய பணம் இருக்கின்றதே என்று ஒருவர் கூறினார். தமக்குப் போதும், வேலையை விட்டால் பிறருக்குப் போதாது என்பதே துசானின் பதில்.

புனித பத்திரிசியார் பேராலயம் எழுவதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் அவரும் ஒருவர். 1842ஆம் ஆண்டு, அதே பேராலயத்தில், நிறத்தின் காரணமாக அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. நிர்வாகத்தவர் ஒருவர் பின்னர் கடிதமெழுதி மன்னிப்புக் கோரினார். நம் ஆலயங்களில் எவரெவருக்கு முன் வாங்கு, எவரெவருக்குப் பின் வாங்கு என்பதை, இதை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

1851ஆம் ஆண்டு ஜூலியட் முந்திச் சென்றார். இரண்டு ஆண்டுகளின் பின் அவரும் சென்று, பழைய பேராலயச் சேமக்காலையில் மனைவிக்கும் மகளுக்கும் அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1990ஆம் ஆண்டு, கர்தினால் ஜோன் ஓகொனர் அவரது எச்சங்களை எடுத்து, ஐந்தாம் அவெனியூவிலுள்ள இன்றைய புனித பத்திரிசியார் பேராலயத்தின் நிலவறையில் வைத்தார். ஆயர்கள் துயிலும் அவ்விடத்தில் இடம்பெற்ற முதலாவது பொதுநிலையினர் அவரே. 1996ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

யூபேமியாவின் வாராந்தக் கடிதங்களை அவர் ஒருபோதும் எறியவில்லை. சிறுமியின் கையெழுத்திலுள்ள அத்தாள்கள் நியூயோர்க் பொது நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.