தோல் பந்தோடு வந்த பாதிரியார்

ஸ்ரீநகரில் பிஸ்கோ பள்ளிக்கூடம் என்றால் தெரியாதவர்கள் இல்லை. அந்தப் பெயருக்குரிய சிசில் டிண்டேல்-பிஸ்கோ பாதிரியார் 1863-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆள் குள்ளம். அதனாலேயே கேம்பிரிட்ஜ் படகுக் குழுவில் சுக்கான் பிடிக்கும் இடம் கிடைத்தது. 1884-ல் அந்தப் படகு ஆக்ஸ்போர்டைத் தோற்கடித்தது.

1890-ல் காஷ்மீர் மிஷன் பள்ளிக்கு வந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். ஓடுவதும் துடுப்புப் போடுவதும் கீழ்ச்சாதி வேலை என்று ஒதுங்கியவர்கள். 1891-ல் துரை ஒரு கால்பந்தைக் காட்டினார். தோல் என்று தெரிந்ததும் தொட மறுத்தார்கள். அவர் விடவில்லை. வாத்தியார்கள் கையில் கம்பு கொடுத்து, பையன்களை மைதானத்துக்கு ஓட்டிச் சென்றார். நீண்ட அங்கியும் மரச் செருப்புமாக ஆட்டம் தொடங்கியது. ஒருவன் முகத்தில் பந்து பட்டுவிட்டது. தீட்டு, தீட்டு என்று ஒரே அழுகை! கால்வாயில் கழுவிவிட்டு வரச் சொல்லி, ஆட்டத்தைத் தொடர்ந்தார். கம்பைக் காட்டி விளையாட வைத்தது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பிறகு நீச்சல், படகு, மலையேற்றம் எல்லாம் வந்தன. வெள்ளத்தில் தத்தளித்தவர்களை மீட்கவும், தீப்பிடித்த வீடுகளில் தண்ணீர் இறைக்கவும் அதே பையன்கள் ஓடினார்கள். நோயாளிகளைப் படகில் ஏற்றி உல்லாசமாக அழைத்துப் போய் வந்ததும் அவர்களே.

மதம் மாறியவர்கள் மிகச் சிலர். மிஷன் மேலிடத்துக்கு இதில் மனக்குறை. அவருக்கோ, பிறருக்கு உதவ ஓடுவதே கிறிஸ்துவ ஊழியம்.

1947-ல் காஷ்மீரை விட்டுப் புறப்பட்டவர், 1949-ல் ரொடீஷியாவில் காலமானார். பள்ளியின் சின்னத்தில் இருப்பவை குறுக்கே வைத்த இரண்டு துடுப்புகள்.